சேமித்த கோப்பு கிட்டில் தெரியவில்லை: எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: வெள்ளவத்தை வீட்டில் விண்டோஸ் லப்டொப், கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் உபுண்டு (லினக்ஸ்) கணினி. இரண்டிலும் விஎஸ் கோட் எடிட்டர், மாற்றங்களைப் பதிவு செய்ய கிட், நடுவில் அதன் இணையப் பிரதியை வைக்கும் கிட்ஹப். சேமித்த கோப்பு சில வேளைகளில், கிட் மாற்றங்களை எடிட்டர் காட்டும் சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியில் வருவதில்லை. சில வேளைகளில் யாரும் தொடாத நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறிவிட்டதாக வந்து நிற்கின்றன. அலுவலகத்தில் செய்த வேலை வீட்டில் தெரிவதில்லை. ஒவ்வொரு தடவையும் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்ய (கிட்ஹப்பிலிருந்து முழுப் பிரதியை இறக்க) வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. முதலில் அந்த அழிப்பை நிறுத்துங்கள். இன்னும் புஷ் செய்யாத (கிட்ஹப்புக்கு அனுப்பாத) கொமிட் என்ற பதிவுகள், ஸ்டாஷில் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தவை, உள்ளூர் பிரான்ச்கள் (கிளைகள்) எல்லாம் ".கிட்" கோப்புறைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. அதை அழித்தால் கிட்ஹப்பிலிருந்து அவை திரும்பி வரா.

உங்கள் கோப்பு ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் இருக்கிறது: எடிட்டரின் நினைவகம், வட்டு, அடுத்த கொமிட்டுக்குப் போவதை வைக்கும் கிட்டின் இன்டெக்ஸ், கடைசி கொமிட், தொலைவிலுள்ள கிட்ஹப் பிரதி. எடிட்டரிலிருந்து வட்டுக்குப் போவது சேமிப்பு. வட்டிலிருந்து இன்டெக்ஸுக்குப் போவது ஸ்டேஜ். பிறகு கொமிட், பிறகு புஷ். "சிங்க் ஆகவில்லை" என்று நாம் சொல்வதெல்லாம் இந்த நான்கு நகர்வுகளில் ஒன்று நடக்கவில்லை என்பதுதான். எது நடக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரு வரிக் கட்டளை. (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் வழமைபோல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

எடிட்டர் காட்டுவதை நம்பாமல், அதன் உள்ளேயே இருக்கும் டெர்மினலில் "கிட் ஸ்டேட்டஸ்" என்று கேளுங்கள். கிட் நேரடியாக வட்டைப் பார்த்துப் பதில் சொல்லும். டெர்மினலில் மாற்றம் தெரிந்து, சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியில் தெரியவில்லை என்றால் கோளாறு எடிட்டரில். இரண்டிலுமே தெரியவில்லை என்றால் எடிட்டரில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது.

டெர்மினலிலும் தெரியாவிட்டால்

தாவலின் பெயருக்குப் பக்கத்தில் வட்டப் புள்ளி இருந்தால் கோப்பு இன்னும் வட்டுக்கே போகவில்லை. விஎஸ் கோட்டில் தானியங்கிச் சேமிப்பு இயல்பாக அணைந்திருக்கும். "ஃபைல்ஸ்.ஆட்டோசேவ்" அமைப்பை "ஆஃப்டர்டிலே" என்று மாற்றினால், தட்டுவதை நிறுத்திய 1000 மில்லிசெக்கன்டில் சேமிக்கும். சேமித்த உடனே சர்வரை மறுதொடக்கம் செய்யும் கருவிகளை ஓடவிட்டு வேலை செய்பவர்களுக்கு "ஆன்ஃபோகஸ்சேஞ்ச்" பொருத்தமானது. அரைகுறை வரியோடு சர்வர் விழாது.

புள்ளி இல்லையென்றால் தாவலின் மேல் சுட்டியை வைத்து முழுப் பாதையைப் படியுங்கள். அதன் பிறகு டெர்மினலில் "கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டொப்லெவல்" கொடுங்கள். இரண்டும் ஒரே கோப்புறையைச் சொல்ல வேண்டும். அடிக்கடி மறுபடி குளோன் செய்பவர்களின் கணினியில் ஒரே திட்டத்தின் இரண்டு மூன்று பிரதிகள் கிடக்கும். டெஸ்க்டொப்பில் உள்ள பிரதியைத் திருத்திவிட்டு "சி:\டெவ்" பிரதியில் மாற்றத்தைத் தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பாதையும் சரிதானா? அடுத்தது ".கிட்இக்னோர்", அதாவது கிட் கவனிக்க வேண்டாத கோப்புகளின் பட்டியல். "கிட் செக்-இக்னோர் -வி" என்று தட்டி, கோப்பின் பாதையைக் கொடுத்தால், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி அதை மறைக்கிறது என்று கிட் சொல்லும். விடை சில வேளை திட்டத்தின் இக்னோர் கோப்பில் இருக்காது, ".கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட்" கோப்பிலோ, உங்கள் கணினிக்கென்று பொதுவாக வைத்த பட்டியலிலோ இருக்கும். எதிர்த் திசையிலும் ஒரு குழப்பம் உண்டு: ஏற்கெனவே கொமிட் ஆன கோப்பை இக்னோர் பட்டியலில் சேர்த்தால் ஒன்றும் நடக்காது, கிட் அதைத் தொடர்ந்து கவனிக்கும். அதை விடுவிக்க "கிட் ஆர்எம் --கேஷ்ட்" வேண்டும். ஆனால் அந்தக் கொமிட்டை மற்றவர்கள் புல் செய்யும்போது (கிட்ஹப்பிலிருந்து புதியதை எடுக்கும்போது) அவர்களுடைய வட்டிலிருந்து அந்தக் கோப்பு அழிந்துபோகும். கடவுச்சொல் உள்ள கோப்பை இப்படி எடுக்கிறீர்களென்றால் சக ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பழைய கொமிட்களில் அது அப்படியே இருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால், யாராவது ஒரு தடவை "இந்தக் கோப்பைக் கவனிக்காதே" என்று கிட்டுக்குச் சொல்லியிருக்கலாம். "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -வி" கொடுத்தால் ஒவ்வொரு கோப்பின் முன்னும் ஓர் ஆங்கில எழுத்து வரும். பெரிய எச் இயல்பானது. சிறிய எச் இருந்தால் அசியூம்-அன்சேஞ்ட், பெரிய எஸ் இருந்தால் ஸ்கிப்-வொர்க்ட்ரீ. இரண்டும் மாற்றத்தைக் கிட் பாராமல் விடச் செய்யும் கொடிகள். எஸ் கொடியை எடுக்க "கிட் அப்டேட்-இன்டெக்ஸ் --நோ-ஸ்கிப்-வொர்க்ட்ரீ", சிறிய எச் கொடிக்கு அதே கட்டளையில் "--நோ-அசியூம்-அன்சேஞ்ட்", கூடவே கோப்பின் பெயர். உள்ளமைவுக் கோப்புகளில்தான் இந்தக் கொடி அதிகம் கிடக்கும், அதை வைத்தவருக்கே நினைவிருக்காது.

ஒரு முழுக் கோப்புறையே உள்ளே எதையும் காட்டாமல், ஒற்றை வரியாக மட்டும் வந்தால் அதற்குள் இன்னொரு ".கிட்" இருக்கிறது. இணையத்திலிருந்து ஒரு டெம்ப்ளேட்டைக் குளோன் செய்து திட்டத்துக்குள் போட்டால் இப்படித்தான் ஆகும். வெளி ரிப்போ (கிட் கண்காணிக்கும் வெளித் திட்டம்) அந்தக் கோப்புறையின் உள்ளடக்கத்தைச் சேமிக்காது, ஒரு கொமிட் எண்ணை மட்டும் சேமிக்கும். அதை வேறொருவர் குளோன் செய்தால் அவருக்கு வெற்றுக் கோப்புறைதான் கிடைக்கும். உள்ளிருக்கும் ".கிட்" தேவையில்லை என்று உறுதியானால் அதை நீக்கி, "கிட் ஆர்எம் --கேஷ்ட்" கொடுத்து, மறுபடி சேருங்கள்.

டெர்மினலில் தெரிகிறது, எடிட்டரில் இல்லை

சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியின் மேலுள்ள ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தினால் வந்துவிடுகிறதா? அப்படியானால் கோப்பு மாற்றத்தைக் கவனிக்கும் பகுதி வேலை செய்யவில்லை. உபுண்டுவில் பெரிய திட்டங்களுக்கு இது நடக்கும். கேர்னல் கவனிக்க அனுமதிக்கும் கோப்புறைகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. "எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வொட்சஸ்" மதிப்பை 524288 ஆக்கி, "சிஸ்சிடிஎல் -பி" கொடுங்கள். அதோடு "ஃபைல்ஸ்.வொட்சர்எக்ஸ்க்ளூட்" அமைப்பில் பில்ட் வெளியீட்டுக் கோப்புறைகளைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்தினால், "/எம்என்டி/சி" வழியாக விண்டோஸ் வட்டில் உள்ள திட்டத்தைத் திறக்காதீர்கள். விண்டோஸ் பக்கம் நடக்கும் மாற்றம் லினக்ஸ் பக்கத்துக்கு அறிவிக்கப்படாது, கிட்டும் மிக மெதுவாக ஓடும். திட்டத்தை லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் வைத்து, விஎஸ் கோட்டின் டபிள்யூஎஸ்எல் இணைப்பு வழியாகத் திறப்பதுதான் சரி.

பென் டிரைவில் திட்டத்தைக் கொண்டுபோகிறவர்களுக்கு வேறொன்று வரும்: சோர்ஸ் கன்ட்ரோல் பகுதி காலியாக இருக்கும், ரிப்போ பாதுகாப்பற்றதாக இருக்கலாம் என்ற செய்தி தெரியும். 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், கோப்புறையின் உரிமையாளர் நீங்கள் இல்லையென்றால் கிட் வேலை செய்ய மறுக்கிறது. அந்தப் பாதையை மட்டும் "சேஃப்.டிரெக்டரி" பட்டியலில் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கோப்புறைகளையும் அனுமதிக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். அந்தக் காவல் ஒரு காரணத்துக்காகத்தான் வந்தது.

கொமிட் செய்தேன், கடைசித் திருத்தம் மட்டும் இல்லை

ஸ்டேஜ் செய்த கணத்தில் கோப்பு எப்படி இருந்ததோ அதுதான் இன்டெக்ஸில் இருக்கும். ஸ்டேஜ் செய்த பிறகு இரண்டு வரி திருத்தினால், அதே கோப்பு எடிட்டரில் ஸ்டேஜ்ட் பட்டியலிலும் மாற்றங்கள் பட்டியலிலும் இரண்டு தடவை வரும். "கிட் ஸ்டேட்டஸ் -எஸ்" கொடுத்தால் பெயருக்கு முன் இரண்டு எம் நிற்கும். இந்த நிலையில் கொமிட் செய்தால் பழைய வடிவமே போகும். இன்னும் புஷ் செய்யவில்லையென்றால் மறுபடி ஸ்டேஜ் செய்து "கிட் கொமிட் --அமென்ட்". புஷ் செய்துவிட்டீர்களானால் தனிக் கொமிட்டாகப் போடுங்கள்.

தொடாத கோப்புகள் மாறியதாக வருவது

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். விண்டோஸ் வரியை இரண்டு குறியீடுகளால் (சிஆர்எல்எஃப்) முடிக்கிறது, லினக்ஸ் ஒன்றால் (எல்எஃப்) முடிக்கிறது. விண்டோஸுக்கான கிட்டை நிறுவும்போது இயல்பாகத் தேர்வாகியிருக்கும் "கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்" அமைப்பு, வட்டுக்கு எடுக்கும்போது சிஆர்எல்எஃப் ஆகவும் கொமிட்டில் எல்எஃப் ஆகவும் மாற்றும். உபுண்டுவில் அந்த அமைப்பு இருக்காது. வீட்டு லப்டொப்பின் கோப்புறையை அப்படியே பிரதி செய்து அலுவலகக் கணினியில் போட்டால், ஒவ்வொரு வரியும் மாறிவிட்டதாக உபுண்டுவின் கிட் சொல்லும். அதன் பார்வையில் அது உண்மையும்கூட.

உறுதிசெய்ய "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்". முதல் நெடுவரிசை இன்டெக்ஸில் இருப்பது, இரண்டாவது வட்டில் இருப்பது. "கிட் டிஃப் --இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்" கொடுத்து வெறுமையாக வந்தால் உள்ளடக்கம் மாறவில்லை, வரி முடிவு மட்டும்தான்.

ஒவ்வொருவர் கணினியிலும் அமைப்பை மாற்றிக்கொண்டிருப்பதால் இது தீராது. திட்டத்தின் வேரில் ".கிட்அட்ரிபியூட்ஸ்" என்ற கோப்பை உருவாக்கி, முதல் வரியில் "* டெக்ஸ்ட்=ஆட்டோ இஓஎல்=எல்எஃப்" என்று எழுதுங்கள். விண்டோஸின் பேட்ச் கோப்புகளுக்கு மட்டும் தனி வரியில் "இஓஎல்=சிஆர்எல்எஃப்". படங்கள், எழுத்துரு போன்றவற்றுக்கு "பைனரி". பிறகு எல்லோரும் தங்கள் வேலையைக் கொமிட் செய்த ஒரு நேரத்தில், ஒருவர் மட்டும் "கிட் ஆட் --ரீநார்மலைஸ் ." கொடுத்து அதைத் தனிக் கொமிட்டாகப் போடட்டும். வேறெந்தத் திருத்தத்தையும் அந்தக் கொமிட்டோடு கலக்காதீர்கள்; கலந்தால் பிறகு யாராலும் அதைப் படிக்க முடியாது. விஎஸ் கோட்டில் "ஃபைல்ஸ்.இஓஎல்" அமைப்பையும் எல்எஃப் ஆக்கிவிடுங்கள். புதிய கோப்புகளுக்கு அதுதான் பொறுப்பு.

மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் எந்த வரியும் இல்லாமல் "100644" என்பது "100755" ஆகிவிட்டது என்று மட்டும் வந்தால் அது வரி முடிவல்ல, இயக்கும் அனுமதி. எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் லினக்ஸ் அனுமதிகள் நிற்பதில்லை. அந்தப் பிரதியில் மட்டும் "கோர்.ஃபைல்மோட்" அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கினால் போதும். உண்மையில் இரண்டு கணினிகளுக்கிடையே பென் டிரைவை விட்டுவிட்டு கிட்ஹப் வழியாக மட்டும் போய்வந்தால், இந்தப் பகுதியில் சொன்னவற்றில் பாதி உங்களிடம் வராது.

பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் மாற்றினால் விண்டோஸில் கிட் அதைக் கவனிக்காது. உபுண்டுவில் அந்தக் கோப்பை அழைக்கும் இம்போர்ட் வரி உடையும். எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றாமல் "கிட் எம்வி" கொண்டு மாற்றுங்கள். "கோர்.இக்னோர்கேஸ்" அமைப்பைத் தொடாதீர்கள், விண்டோஸில் அதை அணைத்தால் ஒரே கோப்பு இரண்டு பெயர்களில் ரிப்போவுக்குள் போய்விடும்.

தமிழ்ப் பெயர்கள், தமிழ் உள்ளடக்கம்

இதைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகளில் அநேகமாக ஒன்றும் இருக்காது, ஆனால் மும்மொழித் தளங்கள் செய்யும் கொழும்பு நிறுவனங்களில் தினமும் தேவைப்படும். கோப்புக்குத் தமிழில் பெயரிட்டால் "கிட் ஸ்டேட்டஸ்" அதை "\340\256\225" போன்ற எண்களாகக் காட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை. "கோர்.கோட்பாத்" அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கினால் தமிழிலேயே தெரியும்.

ஆனால் அந்த எண்களுக்கும் ஒரு பயன் உண்டு. "கொ" என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விண்டோஸும் உபுண்டுவும் இவற்றை ஒன்றாக்குவதில்லை, ஆகவே "கொழும்பு" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். நீங்கள் ஒன்றைத் திருத்த, நிரல் மற்றதைப் படிக்கும். கோட்பாத் இயல்பு நிலையில் இருக்கும்போது "கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்" கொடுத்துப் பாருங்கள். ககரத்தின் எண்களுக்குப் பின் "\340\257\212" என்று வந்தால் ஒரே குறி. "\340\257\206\340\256\276" என்று வந்தால் பிரிந்த குறி. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். ஒன்றை நீக்கி, குழு முழுவதும் ஒற்றைக் குறி வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்திலும் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8 இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். உபுண்டுவின் கோப்புப் பெயர் வரம்பு 255 பைட், அதாவது 85 குறியீடுகள். உயிர்மெய் பெரும்பாலும் இரண்டு குறியீடு என்பதால் 45 எழுத்துக்குள்ளேயே அந்த வரம்பை எட்டிவிடலாம். விண்டோஸில் சேமிக்க முடிந்த நீண்ட பெயர் உபுண்டுவில் புல் செய்யும்போது எழுதப்படாமல் நிற்கும். என் பரிந்துரை, உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும், கோப்பின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

மொழிபெயர்ப்புக் கோப்பை மாற்றினால் கிட் வரிகளைக் காட்டாமல் பைனரி என்று மட்டும் சொன்னால், அது யுடிஎஃப்-16 இல் இருக்கிறது. விண்டோஸ் பவர்ஷெல் 5.1 இல் ">" குறியால் கோப்புக்குத் திருப்பிவிட்ட வெளியீடு இப்படித்தான் சேமிக்கப்படும். விஎஸ் கோட்டின் அடிப்பட்டையில் குறியாக்கத்தின் பெயரை அழுத்தி, யுடிஎஃப்-8 ஆக மறுபடி சேமியுங்கள்.

அலுவலகத்தின் வேலை வீட்டில் தெரியவில்லை

விஎஸ் கோட்டின் "செட்டிங்ஸ் சிங்க்" உங்கள் நிரலைக் கொண்டுவராது. அது அமைப்புகள், குறுக்குவிசைகள், நீட்சிகள் போன்றவற்றை மட்டுமே ஒத்திசைக்கும். நிரல் வருவது கிட் வழியாக மட்டும்தான்.

கிட்டும் தானாகக் கிட்ஹப்பைப் பார்ப்பதில்லை. "எல்லாம் புதிதாக உள்ளது" என்று அது சொன்னால், கடைசியாக ஃபெட்ச் செய்தபோது (கிட்ஹப்பில் புதியது உண்டா என்று கேட்டபோது) தெரிந்ததை வைத்துச் சொல்கிறது. "கிட் ஃபெட்ச்" கொடுத்த பின் ஸ்டேட்டஸ் பாருங்கள். "கிட்.ஆட்டோஃபெட்ச்" இயல்பாக அணைந்திருக்கும், இயக்கினால் 180 செக்கன்டுக்கு ஒரு தடவை பார்க்கும். மாத டேட்டா அளவு குறைவான இணைப்பென்றால் "கிட்.ஆட்டோஃபெட்ச்பீரியட்" மதிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். அடிப்பட்டையில் உள்ள சிங்க் பொத்தான் முதலில் புல், பிறகு புஷ். இரண்டும் ஒரே அழுத்தலில் நடக்கும் என்பதை மனதில் வைத்து அழுத்துங்கள்.

புல் செய்தும் எடிட்டரில் பழையது நின்றால், அந்தத் தாவலில் சேமிக்காத திருத்தம் இருக்கிறது. சேமிக்கப் போனால் வட்டில் உள்ளது புதியது என்று விஎஸ் கோட் எச்சரிக்கும். அங்கே "ஓவர்ரைட்" அழுத்தினால், புதிதாக வந்த வேலையின் மேல் உங்கள் பழைய வடிவம் எழுதப்படும். பிரான்ச் மாற்றும்போதும் இதே ஆபத்துத்தான். "கொம்பேர்" அழுத்தி இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சேருங்கள். தவறி எழுதிவிட்டால் டைம்லைன் பகுதியைத் திறவுங்கள். 2022 மார்ச் பதிப்பிலிருந்து விஎஸ் கோட் ஒவ்வொரு சேமிப்பையும் கிட்டுக்கு அப்பால் தனியாக வைத்திருக்கிறது, கோப்புக்கு இயல்பாக 50 வரை.

ஒன்டிரைவும் மின்வெட்டும்

திட்டம் டெஸ்க்டொப்பிலோ டொகுமன்ட்ஸிலோ இருந்தால் பாதையில் ஒன்டிரைவ் என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 இந்தக் கோப்புறைகளைப் பல கணினிகளில் ஒன்டிரைவுக்குள் வைத்துவிடுகிறது. கிட் ஒரு கொமிட்டுக்கு ".கிட்" உள்ளே பல சிறு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதும். ஒன்டிரைவ் அவற்றைத் தன் வரிசையில் ஏற்றும், இரண்டு கணினி மோதினால் கணினியின் பெயர் ஒட்டிய பிரதிகளை உருவாக்கும். அந்தப் பிரதிகள் ".கிட்/ரெஃப்ஸ்" உள்ளே விழுந்தால் கிட் அவற்றையும் பிரான்ச் என்று எண்ணிக் குழம்பும். நிரல் நூலகங்கள் கிடக்கும் நோட்_மொட்யூல்ஸ் கோப்புறை முழுவதும் மேலேறி டேட்டாவையும் தின்னும். "சி:\டெவ்" போன்ற இடத்துக்கு நகர்த்துங்கள். இதற்கு வேறு நல்ல தீர்வு கிடையாது.

"இன்டெக்ஸ்.லொக்" இருக்கிறது என்று கிட் மறுத்தால், வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்த பின் மட்டும் அந்தக் கோப்பை நீக்குங்கள். கொமிட்டின் நடுவில் மின்சாரம் போனால் அது மிஞ்சும்.

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில், கிட் உள்ளடக்கத்தைச் சேமிக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு வெறுமையாக இருக்கிறது என்ற பிழையையும் அறிந்திருக்க வேண்டும். யூபிஎஸ் இல்லாத அலுவலகக் கணினியில், எழுதியது வட்டில் பதியுமுன் மின்சாரம் போனதன் விளைவு அது. முதல் வேலை, முழுக் கோப்புறையையும் வேறிடத்தில் பிரதி எடுப்பது. பிறகு "கிட் எஃப்எஸ்சிகே --ஃபுல்" கொடுத்து எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பாருங்கள். "பேட் இன்டெக்ஸ்" மட்டும்தான் பிழையென்றால் ".கிட்/இன்டெக்ஸ்" கோப்பை நீக்கி "கிட் ரீசெட்" கொடுத்தால் அது மறுபடி கட்டப்படும், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆப்ஜெக்ட்களே போயிருந்தால், இன்னோர் இடத்தில் "கிட் குளோன் --நோ-செக்அவுட்" செய்யுங்கள். நீங்கள் வேலை செய்த பிரான்ச்சை "-பி" கொடுத்துக் குறிப்பிடுங்கள். பழைய கோப்புறையில் கெட்ட ".கிட்" கோப்புறையின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, புதியதன் ".கிட்" கோப்புறையை அங்கே நகர்த்தி, "கிட் ரீசெட்" கொடுங்கள். கிட்ஹப்பில் உள்ளதற்கும் உங்கள் வட்டில் உள்ளதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சாதாரண மாற்றங்களாக வந்து நிற்கும். புஷ் செய்யாத கொமிட்களின் வரலாறு போகும், ஆனால் வட்டில் இருந்த கடைசி வடிவம் கையில் இருக்கும். அதைப் பார்த்துக் கொமிட் செய்து, உடனே புஷ் செய்யுங்கள். இனிமேலுக்காக "கோர்.எஃப்சிங்க்" அமைப்பை "ஆல்" என்று வையுங்கள், கிட் 2.36 முதல் இது உண்டு. கொமிட் சற்று மெதுவாகும், எழுதியது வட்டில் பதிந்த பிறகுதான் கிட் அடுத்த வேலைக்குப் போகும்.